சிம்மக்கல் லேப் சாமான் கடை: ஒரு பிசிக்ஸ் டீச்சரின் விமர்சனம்

பள்ளி, கல்லூரி லேபுக்குச் சாமான் வாங்க மதுரையில் நல்ல கடை தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடை சிம்மக்கல் பக்கம், வடக்குமாசி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மாடியில் இருக்கிறது. பெயரைப் போட வேண்டாம் என்று கடைக்கார அண்ணாச்சி கேட்டுக்கொண்டார். மதுரை வட்டாரத்தில் ப்ளஸ் டூ பிசிக்ஸ் எடுக்கும் யாரைக் கேட்டாலும் வழி சொல்லிவிடுவார்கள். நான் உசிலம்பட்டிப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் முதுகலை ஆசிரியை. எங்கள் லேபுக்கு வேண்டியதைப் பல வருடங்களாக இங்கேதான் வாங்குகிறேன்.

கடையைப் பற்றி மட்டும் எழுதி நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. நாட்டை ஆள்கிறவர்கள் அறிவியலை எப்படி நடத்துகிறார்கள் என்பதை நான் செய்தித்தாளில் படித்துத் தெரிந்துகொண்டதைவிட இந்தக் கடையின் அலமாரிகளைப் பார்த்துத் தெரிந்துகொண்டது அதிகம். அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். சாமான் விவரம் மட்டும் போதும் என்பவர்கள் கடைசிப் பகுதிக்குப் போய்விடலாம்.

இந்த முறை வாங்கியவை: ஒரு ஸ்பெக்ட்ரோமீட்டர் (ஒளியை நிறங்களாகப் பிரித்துக் கோணத்தை அளக்கும் கருவி), ஒரு சோடியம் விளக்கு, இரண்டு டேன்ஜன்ட் கால்வனாமீட்டர் (காந்த ஊசி விலகுவதை வைத்து மின்னோட்டத்தை அளக்கும் கருவி), அப்புறம் மின்சுற்றுக் கம்பிமேல் தொட்டு நகர்த்தும் ஜாக்கி, பிளக் சாவி மாதிரி சில்லறைச் சாமான்கள். மாணவர் ஸ்பெக்ட்ரோமீட்டர் 6,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே ஆனது. இணையத்தில் இதைவிடக் குறைவாகக் கிடைக்கும். கிடைத்ததை நாங்கள் ஒருமுறை வாங்கியும் பார்த்தோம். அதில் இரண்டு வெர்னியர்களும் (நுண் அளவுகோல்கள்) ஒன்றுக்கொன்று 180 பாகை தள்ளி நிற்கவே இல்லை. எழுதிக் கேட்டால் திருப்பி அனுப்பும் காலம் முடிந்துவிட்டது என்று பதில் வந்தது. அந்த ஒரு வருடம் பிள்ளைகள் எடுத்த அளவீடு எதுவும் கணக்கோடு ஒத்துவரவில்லை. தப்பு தங்கள் கையில் என்றே பாவம் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அண்ணாச்சி அப்படி எதையும் கையில் கொடுத்து அனுப்ப மாட்டார். கருவியைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போவார். தெற்கே மீனாட்சி அம்மன் கோயில் கோபுரம் தெரியும். தொலைநோக்கிப் பகுதியை அதை நோக்கித் திருப்பி, "டீச்சர், சுதைச் சிற்பம் ஒவ்வொண்ணும் தனித்தனியாத் தெரியணும், கலங்கித் தெரிஞ்சா வேண்டாம்னு வச்சிடுங்க" என்பார். கோபுரம் தலைகீழாக, ஆனால் கூர்மையாகத் தெரியும். தூரத்துப் பொருளுக்குக் குவியம் சரிசெய்வதுதான் ஸ்பெக்ட்ரோமீட்டரின் முதல் வேலை. பாடப் புத்தகத்தில் ஒரே வரியில் முடிந்துவிடும் அதை இங்கே கண்ணால் செய்து பார்க்கலாம். அப்புறம் கீழே வந்து முப்பட்டக மேடையின் மூன்று திருகுகளையும் திருகிப் பார்ப்பார். பிளவின் விளிம்பு நேராக இருக்கிறதா என்று பார்ப்பார். முதன்மை அளவுகோலில் அரைப் பாகை, வெர்னியரில் 30 பிரிவு, ஆக ஒரு நிமிடம், அதாவது பாகையில் அறுபதில் ஒரு பங்கு வரை அளக்க வேண்டும். அது இரண்டு பக்கமும் ஒத்துவருகிறதா என்று நம்மையே வாசிக்கச் சொல்வார். ஒரு கருவிக்கு அரை மணி நேரம் போய்விடும். அவசரமாகப் போகிறவர்களுக்கு இந்தக் கடை சரிப்படாது.

அண்ணாச்சி முன்பு ஒரு கல்லூரி பிசிக்ஸ் லேபில் மெக்கானிக்காக இருந்தவர். அதனால் ரிப்பேரும் பார்ப்பார். எங்கள் பழைய ஸ்பெக்ட்ரோமீட்டரின் தொலைநோக்கிக்குள் குறிபார்க்க உதவும் குறுக்குக்கம்பி அறுந்துபோய் இருந்தது. அந்தக் காலத்தில் சிலந்தி நூலையே எடுத்து ஒட்டுவார்களாம். இவர் மெல்லிய நைலான் இழையை வைத்து ஒட்டிக் கொடுத்தார். வாங்கிய பணம் பேருந்துக் கட்டணத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கும். அம்மீட்டர் முள் ஒட்டிக்கொண்டது, மீட்டர் சமனச்சுற்றில் கம்பி தேய்ந்தது எல்லாம் இங்கே சரியாகும். சாமான் பெரும்பாலும் ஹரியானாவில் இருக்கும் அம்பாலாவிலிருந்து வருவது. இந்தியாவில் பள்ளி லேப் கருவிகளுக்குப் பெயர் பெற்ற ஊர் அது.

இனி சோடியம் விளக்கு. எனக்கு மிகவும் பிடித்த பொருள் இதுதான். சுவிட்சைப் போட்டதும் முதலில் வெளிர் சிவப்பாக எரியும். உள்ளே இருக்கும் நியான் வாயு அது. சில நிமிடம் சூடானபின் மெல்ல மெல்ல அந்தக் கனத்த மஞ்சள் நிறம் வரும். 589.0, 589.6 நானோமீட்டர் அலைநீளத்தில் இரண்டு கோடுகள். நல்ல கருவியில் இரண்டும் தனித்தனியாகப் பிரிந்து தெரியும். மாணவிகளுக்கு இதைக் காட்டும்போதெல்லாம் தும்பா கதையைச் சொல்லாமல் என்னால் இருக்க முடிவதில்லை.

1963 நவம்பர் 21. திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் தும்பா என்ற மீனவர் கிராமம். அங்கிருந்து மாலை இருட்டும் நேரத்தில் ஒரு ராக்கெட் போனது. ராக்கெட் அமெரிக்காவில் செய்தது. அதன் தலையில் இருந்த கருவி பிரான்ஸ் கொடுத்தது. அந்தக் கருவி மேலே போய்ச் செய்த வேலை, சோடியம் ஆவியைக் காற்றில் விடுவது. தரையில் இருட்டிவிட்டாலும் அந்த உயரத்தில் வெயில் இருக்கும். அந்த வெயில் பட்டுச் சோடியம் இதே நிறத்தில் ஒளிர்ந்தது. அந்த மேகம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்து மேல் வளிமண்டலத்தில் காற்று வீசும் வேகத்தைக் கணக்கிட்டார்கள். இந்திய மண்ணிலிருந்து ஏவிய முதல் ராக்கெட் செய்த பரிசோதனை அதுதான். எங்கள் லேப் மேசையில் எரிகிற அதே மஞ்சள். தும்பாவை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்றால், பூமியின் காந்த நடுக்கோடு அதை ஒட்டிப் போனது. உலகத்தில் அப்படி நிலமும் கடலும் சேர்ந்து அமைந்த இடங்கள் குறைவு.

அந்த வருடத்தை நினைத்துப் பாருங்கள். அதற்கு முந்தைய ஆண்டு, 1962 அக்டோபரில் சீனாவோடு போர். வெளிநாட்டுக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்திருந்த நாடு. அந்த 1962-லேயே விண்வெளி ஆராய்ச்சிக்கென்று ஒரு தேசியக் குழுவை விக்ரம் சாராபாய் தலைமையில் அமைத்தார்கள். போர் வந்துவிட்டது, இதெல்லாம் இப்போது எதற்கு என்று மூடிவைக்க நேருவுக்குக் காரணம் இருந்தது. அவர் மூடவில்லை. ஆனால் நான் மாணவிகளிடம் அழுத்திச் சொல்வது அடுத்த பகுதியை. 1964-ல் நேரு காலமானார். 1966 ஜனவரியில் சாஸ்திரி போனார், அதே மாதம் விமான விபத்தில் ஹோமி பாபா போனார். 1971 கடைசியில் சாராபாயும் போய்விட்டார். இந்திரா, மொரார்ஜி, சரண்சிங், மறுபடி இந்திரா என்று ஆட்சி மாறிக்கொண்டே இருந்தது. கட்சிகளுக்குள் அத்தனை பகை. ஆனாலும் அந்த வேலைக்குக் கொடுத்துவந்த ஆதரவை ஒருவரும் அறுக்கவில்லை. 1980 ஜூலை 18-ல் நம் சொந்த ராக்கெட் நம் சொந்தச் செயற்கைக்கோளை மேலே கொண்டுபோய் வைத்தது. பதினேழு ஆண்டு. ஐந்தாண்டுக்கு ஒரு முறை ஓட்டுக் கேட்கப் போகிற ஒருவர், தனக்குப் பிறகு யாரோ கைதட்டு வாங்கப்போகிற வேலைக்குப் பணம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அறிவியலுக்கு ஒரு தலைவர் செய்யக்கூடியதில் கடினமானது இதுதான் என்று நான் நம்புகிறேன்.

இதை எனக்குப் புரியவைத்தது அண்ணாச்சியின் கணக்குப் புத்தகம். பில் போட்டுக்கொண்டிருக்கும்போது ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னார்: "டீச்சர், லேபுக்குன்னு பணம் வந்தா மொத்தமா வருது. அந்த வருஷம் எனக்கு மூச்சு விட நேரம் இருக்காது. அப்புறம் நாலஞ்சு வருஷம் ஒரு ஜாக்கி வாங்கக்கூட ஆள் வராது." நான் எங்கள் லேப் பீரோவை நினைத்துக்கொண்டேன். ஒரே வகைக் கருவி பெட்டி பெட்டியாக இருக்கும். அதற்கு வேண்டிய சின்னப் பாகம் ஒன்று உடைந்து போயிருக்கும். அதை வாங்கத் தனியாகப் பணம் இருக்காது. முழுக் கருவியும் பூட்டிய பீரோவுக்குள் தூங்கும். கருவிக்கு ஒரு திறப்பு விழா நடத்தலாம், புகைப்படம் எடுக்கலாம். தேய்ந்துபோன கம்பிக்கு யாரும் விழா எடுப்பதில்லை. ஆனால் ஒரு பிள்ளை அந்த வருடம் பரிசோதனை செய்தாளா இல்லையா என்பதை முடிவு செய்வது அந்தக் கம்பிதான்.

இதைச் சின்ன விஷயம் என்று பெரிய நாடுகள் நினைக்கவில்லை. 1957 அக்டோபரில் ரஷ்யா ஸ்புட்னிக்கை ஏவியது. அமெரிக்கா அதிர்ந்து போனது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் ஐசனோவர் ஒரு கல்விச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். விண்வெளிக்குப் போட்டி போட வேண்டிய நேரத்தில் அந்தச் சட்டத்தின் ஒரு பகுதி என்ன செய்தது தெரியுமா? பள்ளிகளில் அறிவியல், கணக்கு கற்பிக்கக் கருவி வாங்கப் பணம் கொடுத்தது. ராக்கெட்டுக்கான பதிலைப் பள்ளிக்கூட லேபிலிருந்து தொடங்க வேண்டும் என்று ஒரு ராணுவத் தளபதியாக இருந்த குடியரசுத் தலைவர் ஏற்றுக்கொண்டார்.

பணம் மட்டும் போதும் என்றும் சொல்ல மாட்டேன். தெரிந்தவரிடம் கேட்டு அவர் சொல்வதை நம்புவது அதைவிட முக்கியம். நம் சி. சுப்பிரமணியம் இதற்கு நல்ல உதாரணம். 1964-ல் மத்திய உணவு அமைச்சரானவர். எம்.எஸ். சுவாமிநாதன் போன்ற விஞ்ஞானிகள் சொன்னதைக் கேட்டு, எதிர்ப்பையெல்லாம் தாங்கிக்கொண்டு, 1966-ல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டை ரகக் கோதுமை விதையை வரவழைத்தார். டெல்லியில் தன் வீட்டுப் புல்வெளியையே உழுது அந்தக் கோதுமையைப் போட்டுக் காட்டினார். 1968-ல் விளைச்சல் ஒன்றரைக் கோடி டன்னைத் தாண்டியது. ஆனால் அதற்கு முன்பே, 1967 தேர்தலில் அவர் தோற்றுப்போனார். விதை விளைந்து களத்துக்கு வருவதற்குள் அவர் பதவியில் இல்லை.

எதிர்ப்பக்கத்தில் ஸ்டாலின் காலத்து ரஷ்யா. லைசென்கோ என்பவர் மரபியலே பொய் என்றார். கட்சிக்கு அது பிடித்திருந்தது. உலகம் முழுக்கச் சுற்றி விதை சேகரித்த வவிலோவை 1940-ல் கைது செய்தார்கள். உலகத்துக்குச் சோறு போட நினைத்த அந்த மனிதர் 1943-ல் சிறையில் பட்டினியால் நலிந்து இறந்தார். உண்மை எது என்று ஆட்சி முடிவு செய்த நாட்டில் உயிரியல் ஒரு தலைமுறை பின்னால் போனது. இந்தப் பாடத்தை நடத்தும்போது எனக்குக் குரல் கம்மிவிடும்.

சரி, கடைக்கு வருகிறேன். டேன்ஜன்ட் கால்வனாமீட்டர் நன்றாக இருக்கிறது. 2, 5, 50 சுற்றுகள். காந்த ஊசிப் பெட்டியைத் தட்டினால் ஊசி தடையில்லாமல் ஆடி நிற்கிறது. வாங்கும்போது ஊசியின் முனை தேயாமல் இருக்கிறதா என்று பாருங்கள். மேசையில் இரும்புச் சாமான் எதுவும் இல்லாமல் பார்த்துக்கொண்டு, விலக்கம் 30-லிருந்து 60 பாகைக்குள் வரும்படி மின்னோட்டத்தை வைத்தால் பூமியின் காந்தப் புலத்தின் கிடைத்தளக் கூறு ஒழுங்காகக் கிடைக்கும். அண்ணாச்சி இதைச் சோதித்துக் காட்ட ஒரு மர மேசை வைத்திருக்கிறார், அதில் ஆணிகூட இல்லை.

இந்தக் கருவியை மேசையில் வைத்தாலே எங்கள் பள்ளியில் தேனிப் பக்கத்திலிருந்து வந்து படிக்கும் பிள்ளைகள் ஒரு கேள்வி கேட்பார்கள்: "டீச்சர், பொட்டிப்புரத்துல வைக்கிறதா இருந்த காந்தம் எவ்வளவு பெருசு?" நியூட்ரினோ என்ற நுண்துகளை ஆராய அங்கே அமைக்கவிருந்த ஆய்வகத்தைக் கேட்கிறார்கள். 50,000 டன் இரும்பு, முழுக்கக் காந்தமாக்கியது. போடி மேற்கு மலைக்கு அடியில், மேலே ஒரு கிலோமீட்டருக்கு மேல் பாறை மூடியிருக்கும் குகையில் அதை வைப்பதாகத் திட்டம். வளிமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோவை 1965-ல் கோலார் தங்கச் சுரங்கத்துக்குள் நம் ஆட்கள் கண்டார்கள். உலகத்திலேயே முதலில் கண்டவர்களில் அவர்களும் உண்டு. அந்த வேலையைத் தொடரத்தான் இந்த ஆய்வகம். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தது. அந்த மார்ச்சிலேயே உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி வாங்கும்வரை வேலை கூடாது என்றது. பிறகு பசுமைத் தீர்ப்பாயம், உச்ச நீதிமன்றம் என்று போய், 2022-ல் தமிழ்நாடு அரசு அந்த மலையில் அனுமதிக்க முடியாது என்று சொல்லிவிட்டது. அந்தக் கருவியின் 85 டன் மாதிரி ஒன்று மட்டும் மதுரையில் ஓடியது.

மலையடிவார மக்களின் பயத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். மேற்குத் தொடர்ச்சி மலை அது, தண்ணீர் வருகிற மலை, புலி நடக்கிற காடு. தோண்டாதே என்று சொல்ல அவர்களுக்கு முழு உரிமை உண்டு. எனக்குக் கோபம் தலைமைகள் மேல். வேண்டும் என்றவர்கள் ஊருக்குள் வந்து திண்ணையில் உட்கார்ந்து, எவ்வளவு வெடி வைப்போம், எவ்வளவு தண்ணீர் எடுப்போம், கதிர்வீச்சு உண்டா இல்லையா என்று தமிழில் பொறுமையாகச் சொல்வதையே தங்கள் முதல் வேலையாக வைத்திருக்க வேண்டும். வேண்டாம் என்றவர்கள் நியூட்ரினோ நம் உடம்பு வழியாக ஒவ்வொரு நொடியும் கோடி கோடியாகப் போய்க்கொண்டிருக்கும் ஒன்று, அது விஷமில்லை, எங்கள் கவலை மலையைப் பற்றித்தான் என்று மேடையில் தெளிவாகப் பிரித்துச் சொல்லியிருக்க வேண்டும். அறிவியலை ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல பிசிக்ஸ் வகுப்பை நடத்தாமலே போய்விட்டார்கள். அதே 2015 ஜனவரியில் சீனா தன் ஜூனோ நியூட்ரினோ ஆய்வகத்துக்குப் பூமி பூஜை மாதிரி ஒரு விழாவை வைத்துத் தோண்டத் தொடங்கியது. 20,000 டன் திரவம் நிரப்பி, 2025 ஆகஸ்டில் அளவெடுக்க ஆரம்பித்துவிட்டது. போடிக் கருவி தேடவிருந்த முக்கியமான விடைகளில் ஒன்றை, மூன்று வகை நியூட்ரினோக்களின் நிறை வரிசையை, அவர்களும் தேடுகிறார்கள். சீனா மாதிரி கேள்வி கேட்காத ஆட்சி நமக்கு வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கேள்வி கேட்கிற ஜனங்களுக்குப் பதில் சொல்லத் தெரிந்த ஆட்சி வேண்டும் என்கிறேன்.

கடையில் ஒரு சுவரில் சூரிய நிறமாலை படம் பெரிதாக மாட்டியிருக்கிறார். அதைப் பார்க்கும் பிள்ளைகளைக் கொடைக்கானலுக்குக் கூட்டிப்போங்கள். 1899-ல் தொடங்கிய சூரிய ஆய்வகம் அது. 1909-ல் எவர்ஷெட் அங்கே நிறமாலையைப் பார்த்துத்தான் சூரியப் புள்ளியிலிருந்து வாயு வெளியே பாய்வதைக் கண்டுபிடித்தார். வெள்ளைக்காரன் ஆட்சி போனது, எத்தனையோ ஆட்சி வந்து போனது, நூறு ஆண்டுக்கு மேலாகச் சூரியனின் படத்தைத் தொடர்ந்து எடுத்து வைத்திருக்கிறார்கள். காரைக்குடியும் பக்கம்தான். 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டிய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். சுதந்திரம் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதை நடத்தும் மத்திய ஆராய்ச்சிக் குழுமமான சி.எஸ்.ஐ.ஆர். நிறுவன நாளான செப்டம்பர் 26-ஐ ஒட்டி மாணவர்களை உள்ளே விடுவார்கள், முன்கூட்டியே கடிதம் எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது குறைகள். கடையில் வேதியியல் சாமான் குறைவு. பியூரெட், பிப்பெட் கிடைக்கும், ஆனால் கண்ணாடியின் தரம் ஒரே மாதிரி இருப்பதில்லை. பியூரெட்டில் தண்ணீர் ஊற்றிக் குழாயைத் திறந்து மூடிப் பார்த்து வாங்குங்கள், சிலது சொட்டுகிறது. உயிரியல் சாமானில் மைக்ரோஸ்கோப் நன்றாக இருக்கிறது, நிரந்தர ஸ்லைடுகள் பழையவை. வாசலில் குழந்தைகளுக்கென்று தொங்கவிட்டிருக்கும் பிளாஸ்டிக் அறிவியல் விளையாட்டுப் பெட்டிகளை வாங்காதீர்கள், இரண்டு நாளில் பேட்டரிப் பிடிப்பு உடைந்துவிடும். அதே பணத்துக்கு ஒரு நல்ல குவிவில்லையும் ஒரு சட்டக் காந்தமும் வாங்கிக் கொடுங்கள். அண்ணாச்சி இல்லாத நேரத்தில் இருக்கும் பையன்களுக்கு எந்தப் பாகம் எந்தக் கருவிக்கு என்று தெரியாது, அதனால் போகும் முன் போன் செய்து அவர் இருக்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மாடிப்படி செங்குத்தானது. முழங்கால் வலி உள்ளவர்கள் கீழே நின்று குரல் கொடுத்தால் சாமானைக் கொண்டுவந்து காட்டுவார்கள். சந்தில் வண்டி நிறுத்த இடமில்லை.

கடன் இல்லை. இது எங்களைப் போன்ற அரசுப் பள்ளிகளுக்குக் கஷ்டம்தான், பணம் வந்து சேரத் தாமதமாகும். ஆனால் அண்ணாச்சியைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. மொத்தமாக வந்து பிறகு வறண்டுபோகும் ஆர்டரை நம்பித்தான் அவர் கடை நடத்துகிறார். ரிப்பேர் தெரிந்த அவருடைய உதவியாளர் ஒருவர் வேலை போதாமல் திருப்பூருக்குப் போய்விட்டார். தேனி, திண்டுக்கல், விருதுநகரிலிருந்தெல்லாம் கருவியைத் தூக்கிக்கொண்டு இங்கே வருகிறார்கள். குறுக்குக்கம்பி ஒட்டத் தெரிந்த இந்தக் கை இல்லாமல் போனால் அத்தனை பள்ளிகளின் லேபும் எங்கே போகும்?

இந்தியா ஆராய்ச்சிக்குச் செலவிடுவது 2020-21 கணக்கில் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம். தென்கொரியா 5 சதவீதத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. இந்த எண்ணைக் கேட்டால் டெல்லியில் யாரோ பார்க்க வேண்டிய விஷயம் என்று நமக்குத் தோன்றும். எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் நான் அதைக் கரும்பலகையில் எழுதினேன். பக்கத்திலேயே எங்கள் லேபில் உடைந்து கிடக்கும் சாமான் பட்டியலையும் எழுதினேன். பெற்றோர்களில் ஒருவர், கரும்பு வெட்டப் போகிறவர், எழுந்து, "டீச்சர், இந்தக் கம்பி ஒண்ணு என்ன விலை?" என்று கேட்டார். சொன்னேன். "இதுக்கா பிள்ளைகள் ஒரு வருஷம் சும்மா நின்னுச்சு?" என்றார். லேபுக்கென்று ஆண்டுதோறும் ஒரு தொகை, சிறியதானாலும் தவறாமல், ரிப்பேர் செலவும் சேர்த்து ஒதுக்க வேண்டும் என்று அன்றைக்குத் தீர்மானம் எழுதிக் கையெழுத்து வாங்கினோம். நகலைச் சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்திலும் கொடுத்திருக்கிறோம். அடுத்து ஓட்டுக் கேட்டு வருகிறவர் எந்தக் கட்சியாக இருந்தாலும் அவர் கையிலும் கொடுப்போம்.

போக நினைப்பவர்களுக்கு: உசிலம்பட்டி, தேனிப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் ஆரப்பாளையத்தில் இறங்கி டவுன் பஸ் பிடித்துச் சிம்மக்கல்லில் இறங்கலாம். ஞாயிறு விடுமுறை. செய்முறைத் தேர்வுக்கு முந்தைய டிசம்பர், ஜனவரியில் போகாதீர்கள், கூட்டம் தாங்காது, மொட்டை மாடிச் சோதனைக்கு அவருக்கு நேரம் இருக்காது. ஜூலை, ஆகஸ்ட்தான் நல்லது. பழுதான கருவி இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள், துணியில் சுற்றி, திருகுகளைத் தனிக் கவரில் போட்டு. ஜி.எஸ்.டி. பில் கேட்டால் உடனே தருகிறார். சோடியம் விளக்கு வாங்கினால் டிரான்ஸ்ஃபார்மரையும் அவரிடமே வாங்கிவிடுங்கள், வெளியே வாங்கியது பொருந்தாமல் எங்களுக்கு ஒரு விளக்கு போனது. ஐந்துக்கு நாலரை நட்சத்திரம் தருகிறேன். அரையைக் குறைத்தது பியூரெட்டுக்காக.